சோழமண்டலப் பெயர் பூண்ட சீனத் தட்டிகள்

மேலைநாட்டு அருங்காட்சியகங்களிலும் ஏலப் பட்டியல்களிலும் ‘கோரமண்டல்’ என்னும் அடைமொழியோடு குறிக்கப்பெறும் கலைப்பொருள்கள் பல உள. அவற்றுள் தலைமையானவை மடக்குத்தட்டிகள். பெரும்பாலும் பன்னிரண்டு மடிப்புகளும், ஆள் உயரத்தினும் மிக்க உயரமும், கரிய மெருகின்மீது செதுக்கி வண்ணம் நிரப்பிய ஓவியங்களும் உடையன அவை. பெட்டிகளும் நிலைப்பேழைகளும் அவ்வகையிற் செய்யப்பெற்றுள்ளன. ‘கோரமண்டல்’ என்பது சோழமண்டலம் என்னும் நம் நாட்டுப் பெயரின் திரிபே என்பதை யாவரும் அறிவர். ஆயின் அப்பெயர் பூண்ட பொருள்கள் நம் நாட்டில் தோன்றியனவா? தோன்றியன அல்லவெனின், அப்பெயர் அவற்றிற்கு எங்ஙனம் வந்தது? அவற்றில் எழுதப்பெற்ற உருவங்கள் யாது கருத்தின? இவ்வினாக்களைப் பழவேற்காட்டுக் கரையையும் அதனை அடுத்த காட்டுப்பள்ளி முதலிய மீனவர் ஊர்களையும் நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி வேண்டுவதோ எனச் சிலர் ஐயுறலாம். பெயரொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு, பிறர் கைத்திறனை நம்முடையதெனப் பெருமை பேசுதல் ஆராய்ச்சி நெறியன்று. அங்ஙனமே, நம் முன்னோர் உண்மையிற் செய்த பொருள்கள் பிறர் பெயரில் வழங்கக் கண்டும் வாளா இருத்தல் முறையன்று. சோழமண்டலத் தட்டிகளின் வரலாறு இவ்விரண்டு பிழைகளையும் ஒருங்கே எடுத்துக்காட்டுவது. ஆகலின் இஃது ஆராயத்தக்கதே.

1. பெயராராய்ச்சி

‘கோரமண்டல்’ என்னும் சொற்குப் பிறப்பிடம் பற்றி இருவேறு கொள்கைகள் நிலவின. பழவேற்காட்டிற்கு அணித்தாகக் கடற்கரையில் உள்ள கரிமணல் என்னும் மீனவர் சிற்றூரின் பெயரே திரிந்து கோரமண்டல் ஆயிற்று என்பது ஒன்று. சோழமண்டலமே அவ்வாறு திரிந்தது என்பது மற்றொன்று. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளியிட்ட ‘ஆப்சன்-சாப்சன்’ என்னும் சொற்களஞ்சியம் முன்னதை மறுத்துப் பின்னதையே நிறுவுகின்றது.

இம்முடிபு பொருத்தமுடையதே. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரைபற்றி எழுதிய ஐரோப்பியர் இப்பெயரைச் ‘சோரமண்டல்’, ‘சாரமண்டல்’ என்பனபோல் ஒலிக்குமாறு வரைந்துள்ளனர். முதற்கண் சகரமும் இறுதிக்கண் ‘மண்டல்’ என்பதும் அமைந்த இவ்வடிவங்கள் கரிமணல் என்பதிலிருந்து பிறத்தல் அரிது. ழகரம் பிறமொழியாளர் நாவில் ரகரமாதல் இயல்பே. சகர ஒலிக்கு எழுதப்பெற்ற எழுத்தைப் பிற்காலத்தார் ககரமாக ஒலித்தமையின் ‘கோரமண்டல்’ ஆயிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். பழவேற்காடு தொண்டைமண்டலத்தது, அதனைச் சோழமண்டலக் கரை என்றல் யாங்ஙனம் பொருந்தும் என்பதே அது. முதல் இராசராசன் காலத்தில் தொண்டைமண்டலம் சயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. எனவே காவிரிக் கரைக்கேயன்றி அதன் வடபாற் கரைக்கும் சோழமண்டலம் என்னும் பெயர் அயலன்று. கரிமணற் கொள்கை வீழ்ந்ததெனினும், இக்கரையின் ஒரு சிற்றூரை ஐரோப்பியர் ஒரு பெருங்கரையின் பெயர்க்கே காரணமாகக் கருதினர் என்பது, அவர்தம் கப்பல்கள் இம்மணற்றிட்டுகளோடு எத்துணைப் பழகியிருந்தன என்பதைப் புலப்படுத்தும்.

2. அரக்கும் மெருகுப்பாலும்

இனிப் பொருளை நோக்குவாம். இத்தட்டிகளின் மெருகை ஆங்கிலத்தில் ‘லாக்கர்’ என்பர். அச்சொல்லும் இந்திய நாட்டதே. வடமொழியில் ‘லாக்ஷா’ எனவும் இந்தியில் ‘லாக்’ எனவும் வழங்கிய அரக்கின் பெயரே போர்த்துக்கேசியர் வாயிலாக ஐரோப்பா சென்று இவ்வடிவுற்றது. ஆகவே சீனநாட்டுத் தட்டி ஒன்று, ஊர்ப்பெயரும் பொருட்பெயரும் ஆகிய இரண்டையும் இந்தியாவினின்று கடன்பெற்று உலகில் உலவுகின்றது.

ஆயின் பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. நம் நாட்டு அரக்கு, மரக்கிளைகளைப் பற்றி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. வெப்பத்தால் இளகிக் குளிர்ந்தவுடன் இறுகுவது. இதனைத் தமிழர் தொன்றுதொட்டு அறிவர். பாண்டவர்க்கென அமைத்த அரக்கில்லம் தீப்பற்றிய செய்தியைக் கலித்தொகையின் பாலைக்கலிப் பாடலொன்று உவமையாக ஆள்கின்றது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களில் இவ்வரக்கின் வண்ணத்தைக் காணலாம். கடைசலில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டால் அது உருகி மரத்திற் படியும்.

சீனத்து மெருகோ ஒரு மரத்தின் பால். அம்மரத்தின் பட்டையைக் கீறி வடித்தெடுக்கும் பால், காற்றின் ஈரத்தை வேண்டி நின்று, அதன்கண் உள்ள நொதி ஒன்றின் வினையால் இறுகுவது. வெப்பத்தால் மீண்டும் இளகாதது. நீரும் புளிப்பும் அதனை எளிதிற் சிதைக்கமாட்டா. இறுகுமுன் மேனியிற் படின் கொப்புளம் உண்டாக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகள் பலவற்றை இட்டு, ஒவ்வொன்றும் இறுகியபின் தேய்த்து மெருகிடல் வேண்டும். இம்மரம் சோழமண்டலக் கரையின் மரம் அன்று. அதன் தொழிலும் இக்கரைக்கு உரியதன்று. அரக்கில்லம் எரியும், அரக்குச் சொப்பு சூட்டில் இளகும், சீனத்து மெருகு இறுகியபின் இளகாது. இவ்வேறுபாடு ஒன்றே இருநாட்டுத் தொழில்களும் வெவ்வேறு என்பதற்குப் போதிய சான்றாம்.

தட்டிகள் செய்யும் முறையைச் சீனர் ‘குவான் சாய்’ என்பர். செதுக்கிய வண்ணம் என்பது அதன் பொருள். மென்மரப் பலகையின்மீது செங்கற்பொடி முதலியவற்றைப் பன்றிக்குருதியும் மெருகுப்பாலும் கூட்டிக் குழைத்து அடித்தளமாகப் பூசுவர். அதன்மேல் கருநிற அல்லது பழுப்புநிற மெருகு படியும். உருவங்களின் புறக்கோடுகளைமட்டும் மெல்லிய வரம்புகளாக விடுத்து, உள்ளிடத்து மெருகை அடித்தளம் வெளிப்படும்வரை அகழ்ந்து நீக்குவர். அங்ஙனம் அகழ்ந்த பள்ளங்களில் வண்ணங்களை நிரப்புவர். மிங்குப் பேரரசின் உலுங்சிங் காலத்தில் (1567–1572) வாழ்ந்த குவாங் செங் என்னும் கைவினைஞர் இயற்றிய ‘சியூசி லூ’ என்னும் மெருகுத்தொழில் நூல் இம்முறையைக் குறிக்கின்றது. அதற்கு யாங் மிங் என்பார் 1625-இல் உரை கண்டார். சீனத்தில் மறைந்துபோன அந்நூல் சப்பான் நாட்டில் ஏட்டுப்படியாக எஞ்சியிருந்து 1927-இல் மீண்டும் அச்சேறியது. மூலத்தோடு உரையும் போற்றிக் காக்கும் நம் மரபினர்க்கு இச்செய்தி இனிமை பயப்பது. ஒல்லாந்தர் பழவேற்காட்டிற் காலூன்றுமுன்னரே இத்தொழில் சீனத்தில் நூல்வடிவு பெற்றிருந்தது என்பதே இதனால் நாம் கொள்ளும் முடிபு.

3. வணிகவழி

சீனத்துத் தட்டிக்குச் சோழமண்டலப் பெயர் வந்தது வணிகத்தால். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுவினர் 1610-இல் சந்திரகிரி வேந்தர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டசாலை அமைத்தனர். அதனை 1612-இல் போர்த்துக்கேசியர் தாக்கினர். 1613-இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பெறும்வரை ஒல்லாந்தரின் சோழமண்டல ஆட்சிக்குப் பழவேற்காடே தலைநகர். 1824-ஆம் ஆண்டின் ஆங்கில–ஒல்லாந்த உடன்படிக்கையால் இக்கரை முடிவாக ஆங்கிலேயர் வயப்பட்டது.

அவ்வாணிகத்தின் உயிர்நாடி நம் நாட்டு ஆடை. நறுமணப் பொருள் விளையும் தீவுகளில் பொன்னினும் வெள்ளியினும் சோழமண்டல ஆடையே விரும்பி ஏற்கப்பட்டது. பழவேற்காட்டினின்று ஆடை ஏற்றிய கலங்கள் சாவகத்தின் பாந்தம் நகர்க்கும், 1619-இல் ஒல்லாந்தர் நிறுவிய பத்தாவியாவிற்கும் சென்றன. ஆண்டுச் சீனக் கலங்கள் தம் நாட்டுப் பீங்கானும் பட்டும் மெருகுப் பொருளும் கொணர்ந்தன. இங்ஙனம் நம் கரையின் ஆடையும் சீனத்தின் மெருகும் ஒரே வணிகவலையின் இரு கண்ணிகளாயின.

இத்தட்டிவேலை இங்கிலாந்தில் முதற்கண் ‘பாந்த வேலை’ என்றே வழங்கியது. 1688-இல் ஆக்சுபோர்டில் வெளிவந்த இசுடாக்கர், பார்க்கர் என்போரின் மெருகுத்தொழில் நூலிலும் அப்பெயரே காணப்படும். சாவகத்துப் பாந்தமும் இத்தட்டிகள் பிறந்த இடமன்று. அதுவும் வழியிடையிலுள்ள ஒரு துறைமுகமே. 1682-இல் ஆங்கிலேயர் பாந்தத்தினின்று வெளியேற்றப்பட்டனர். சென்னையோ 1639 முதல் அவர்க்கு வாய்த்து வளர்ந்துவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகர வணிகரிடையே ‘கோரமண்டல்’ என்னும் பெயர் பரவி நிலைபெற்றது. துறைமுகங்களின் செல்வாக்கு மாறுந்தோறும் பொருளின் பெயரும் மாறிற்று எனக் கருதற்கு இடமுண்டு.

சென்னை வழியாக ஒரு தட்டி சென்றமைக்கு எடுத்துக்காட்டும் உளது. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக விளங்கிய எலிகு யேல், வேல்சு நாட்டு எர்திக் மாளிகைக்கு உரியவரான சோசுவா எதிசுபரி என்பார்க்கு மெருகுத்தட்டி ஒன்றை அன்பளிப்பாக விடுத்தார். அத்தட்டி எர்திக் மாளிகையிற் போற்றப்பட்டு வருகின்றது. அக்காலத்து ஆங்கிலேயர் கீழைநாட்டு மெருகுப்பொருள் யாவற்றையும் ‘சப்பான்’ என ஒரு பெயராற் சுட்டினர். சீனர் செய்தது, சென்னையினின்று சென்றது, சப்பான் எனப்பட்டது! வணிகர் வழங்கிய பெயரைக் கொண்டு பிறப்பிடம் துணிதல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

துறைமுகப் பெயர் சரக்கின்மீது ஏறுதல் நம் ஆடைக்கும் நிகழ்ந்ததே. மலாய் மொழியில் கட்டமிட்ட கைலியை ‘காயின் பெலிக்காட்’ என்பர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டைக் குறிக்கும் ஐரோப்பிய வழக்கின் திரிபு. உள்நாட்டு ஊர்களிற் பல தறிகளில் நெய்யப்பெற்றவை எல்லாம் ஏற்றுமதித் துறையின் பெயரையே தாங்கின. நெய்தவர் ஊர் மறைந்தது. ஏற்றிய ஊர் நின்றது. சீனத் தட்டி செய்தவர்க்கு நேர்ந்ததும் இதுவே.

4. உருவங்களின் உட்பொருள்

இத்தட்டிகள் சீனத்தில் வெறும் அழகுப்பொருளாகச் செய்யப்பட்டன அல்ல. காங்சி பேரரசர் காலத்தில் (1662–1722) உயர் அலுவலர்க்கும் முதியோர்க்கும் பிறந்தநாள் வாழ்த்தாக இவை வழங்கப்பெற்றன. முன்புறத்தே ஓவியமும், பின்புறத்தே பல தட்டிகளில் நெடிய வாழ்த்துரையும், அளித்தோர் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பெறும். புகழுரையும் கொடையாளர் பெயரும் ஆண்டும் ஒருங்கே தாங்கும் இப்பொறிப்புகள் நம் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தியை நினைவூட்டுவன. அறுபதாண்டு நிறைவைச் சிறப்பிக்கும் வழக்கம் இருநாட்டிற்கும் பொது.

ஓவியங்களுள் பெருவழக்கினதாகிய ஒன்று, தாங்குப் பேரரசின் படைத்தலைவர் குவோ சியி (697–781) என்பாரின் பிறந்தநாள் விழா. பகை தணித்து நாடு காத்த அவர், மக்கள் எழுவரும் மருமக்கள் எண்மரும் உயர்பதவியுற்று வணங்க வீற்றிருப்பார். நீண்ட வாழ்வும் நன்மக்கட்பேறும் அரசர் மதிப்பும் ஒருங்கே எய்தியவர்க்கு அவர் எடுத்துக்காட்டு. மற்றொன்று, மேலைத்திசை அன்னை சி வாங்மூவின் விருந்திற்கு இறவாதோர் கூடுதல். மூவாயிரம் ஆண்டிற்கு ஒருமுறை பழுக்கும் பீச்சுக்கனி அவ்விருந்தின் உணவு.

ஓரங்களில் அமைந்த சிற்றுருவங்களே மொழியாராய்ச்சியாளர்க்கு மிக்க பயன் தருவன. சீனமொழியில் ஓரசைச் சொற்கள் மிகுதி, ஒலியொப்புமையும் மிகுதி. அதனால் ஒரு பொருளை வரைந்து அதே ஒலியுடைய வேறொரு பொருளை உணர்த்தல் அவர்க்கு எளிதாயிற்று. வௌவாலின் பெயர் ‘ஃபு’, நற்பேறும் ‘ஃபு’. மான் ‘லு’, அரசூதியமும் ‘லு’. மீன் ‘யு’, மிகுதியும் ‘யு’. குடுவை ‘பிங்’, அமைதியும் ‘பிங்’. தாமரை ‘லியன்’, இடையறாமையும் ‘லியன்’. எனவே தாமரையும் மீனும் ஒருங்கு வரைந்தவிடத்து, ஆண்டுதோறும் இடையறாது மிகுதி பெறுக என்பது வாழ்த்து. கொக்கும் தேவதாருவும் மட்டும் ஒலியான் அன்றித் தம் இயல்பானே நீள்வாழ்வை உணர்த்தும்.

இதனை நம் இலக்கண மரபோடு ஒப்புநோக்குவாம். ஒருசொல் இருபொருள் தரும் சிலேடை நமக்கும் உண்டு. எனினும் சங்கச் சான்றோர் கருப்பொருள்களை ஆண்ட முறை ஒலியைப் பற்றியதன்று. உள்ளுறை உவமத்திற்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களே நிலைக்களன் எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். நாரையும் சுறாவும் நெய்தலில் நின்று பொருள் தருவது அவற்றின் பெயரொலியால் அன்று. அவை வாழும் நிலத்தாலும் அவற்றின் செயலாலும் ஆம். சீனர் சொல்லின் ஒலியிற் குறிப்பை வைத்தனர். தமிழர் நிலத்தின் வாழ்விற் குறிப்பை வைத்தனர். முன்னது மொழி கடந்தால் பொருளிழக்கும். பின்னது நிலம் அறியாதார்க்குப் புலனாகாது.

பழவேற்காட்டுக் கரையினர் ஒருவர் அத்தட்டியின் ஓரத்துத் தாமரையைக் கண்டிருப்பின் திருமகளின் இருக்கையை நினைந்திருப்பார்; மீனைக் கண்டு தம் வலையை நினைந்திருப்பார்; வௌவாலை மங்கலமெனக் கருதியிரார். ‘லியன்’, ‘யு’, ‘ஃபு’ என்னும் ஒலிகள் அவர் செவிக்கு எட்டா. உருவம் கடல் கடந்தது. உட்பொருள் கடவாது நின்றது.

ஐரோப்பாவிலோ உருவமும் நிலைக்கவில்லை. ஆண்டுத் தச்சர் தட்டிகளை அறுத்துப் பேழைகளின் முகப்பாக ஒட்டினர். ஓவியங்கள் இடைமுறிந்து தலைகீழாகவும் ஒன்றோடொன்று இயையாமலும் கிடந்த நிலையை இசுடாக்கரும் பார்க்கரும் தம் நூலில் எள்ளி நகையாடியுள்ளனர். லீவார்டன் நகர அரண்மனையில் 1695-க்கு முன் ஓர் அறையின் சுவர் முழுதும் சீனத் தட்டிகளால் போர்த்தப்பெற்றது. அவ்வறை ஆம்சுடர்டாமின் இரைக்சு அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பாரிசுத் தச்சர் வான் ரைசன்பர்க் போன்றோரும் தட்டிப் பலகைகளைத் தம் இழுப்பறைப் பேழைகளில் பதித்தனர். தட்டியை அறுத்தபோதும் சுவரிற் பதித்தபோதும் முதலில் இழக்கப்பட்டது பின்புறத்து எழுத்தே. பெரியவர் ஒருவர்க்கு வழங்கிய வாழ்த்து, முகவரியற்ற அழகாயிற்று.

5. பெயரிழந்த கருங்காலி இருக்கைகள்

சோழமண்டலத்தில் மரப்பொருள் செய்யும் கைத்திறன் இல்லை என்பது இதனாற் கொள்ளப்படாது. பதினேழாம் நூற்றாண்டில் இக்கரைத் தச்சர் ஐரோப்பியர்க்கெனக் கருங்காலி மரத்தில் நாற்காலி, நீளிருக்கை, பேழை முதலியன செய்தனர். முறுக்குத்தூண்களும், இடைவெளியின்றிச் செதுக்கிய பூங்கொடிகளும், பறவைகளும், கடற்கன்னி உருவங்களும் அவற்றின் அடையாளம்.

அவ்விருக்கைகள் இங்கிலாந்து சென்று தம் வரலாற்றை இழந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் ஓராசு வால்போல் (1717–1797) தம் இசுட்ராபெரி இல் மாளிகைக்கு இத்தகைய கருங்காலி நாற்காலிகளை விரும்பித் தொகுத்தார். அவை தியூதர் மன்னர் காலத்து ஆங்கிலப் பொருள்கள் என்பது அவர் துணிபு. பழமையை விரும்பிய பிறரும் அவரைப் பின்பற்றினர். அவை சோழமண்டலக் கரையிற் பதினேழாம் நூற்றாண்டிற் செய்யப்பெற்றவை என்பது பின்னர் வந்த ஆராய்ச்சியாற் புலனாயிற்று.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குக. சீனர் செய்த தட்டி சோழமண்டலத்தது எனப்பட்டது. சோழமண்டலத் தச்சர் செய்த நாற்காலி ஆங்கிலேயர் முன்னோரது எனப்பட்டது. முன்னதில் நம் பெயர் உண்டு, கைத்திறன் இல்லை. பின்னதில் நம் கைத்திறன் உண்டு, பெயர் இல்லை. பெயர்வழியே செல்லும் வரலாறு இரண்டிடத்தும் பிழைத்தது. மரமும் மெருகும் செதுக்குமுறையும் ஆகிய பொருள்வழியே சென்ற ஆராய்ச்சி இரண்டிடத்தும் உண்மை கண்டது.

6. முடிபு

காட்டுப்பள்ளி, பழவேற்காட்டு முகத்துவாரத்திற்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் அமைந்த ஊர். இக்கரையில் ஆழ்ந்த இயற்கைத் துறைமுகம் இன்மையின் பெருங்கலங்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணி அறையாது கயிற்றால் தைத்த பலகைப் படகுகளும் கட்டுமரங்களும் அலை கடந்து சென்று சரக்கை ஏற்றியும் இறக்கியும் வந்தன. சோழமண்டலம் என்னும் பெயர் உலக வணிகத்தில் ஏறியதற்கு அப்படகுகளைச் செலுத்திய கைகளும் காரணமாம். ஆயின் வணிகக் குழுவினரின் ஆளுநர் பெயர்கள் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைகளிலும் நூல்களிலும் நிற்க, படகு செலுத்தியோர் பெயர் எங்கும் நிற்கவில்லை. 2010-ஆம் ஆண்டுகளில் காட்டுப்பள்ளியில் புதிய துறைமுகம் எழுந்தது. இன்று அவ்வூர்ப் பெயரும் கப்பற் சீட்டுகளில் ஏறி உலகெங்கும் செல்கின்றது. அப்பெயரை ஈந்த மீனவர் ஊரின் வரலாறு அதனோடு செல்லுமா என்பது, இக்கரையின் பழைய கதையை அறிந்தார் எழுப்பவேண்டிய வினா.

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகள் வருமாறு: ‘கோரமண்டல்’ தட்டிகள் சீனர் கைத்திறன், அவற்றின் மெருகு நம் அரக்கின் வேறாயது, அவற்றின் உருவக் குறிப்பு சீனமொழியின் ஒலியொப்புமையை வேராகக் கொண்டது, அவற்றிற்கு நம் கரை ஈந்தது பெயரே. அப்பெயரை ஈயும் நிலையை நம் கரை எய்தியது ஆடை நெய்தோராலும் கலம் ஏற்றியோராலும் ஆம். தமிழாராய்ச்சி மாணவர் போற்றித் தேடவேண்டுவது பிறர் தட்டியை அன்று. பெலிக்காட் என்னும் பெயருக்குப் பின் மறைந்த நெசவூர்களையும், தியூதர் பெயருக்குப் பின் மறைந்த தச்சரையும், எப்பெயரும் பெறாத படகோட்டிகளையும் ஆம். ஒல்லாந்தக் குழுவினரின் பழவேற்காட்டு ஆவணங்களையும் இக்கரை ஊர்களின் வழக்காறுகளையும் ஒருங்கு வைத்துக் கற்பார்க்கு அப்பணி கைகூடும்.